காலி சீட்டின் எடை

இது எனக்கு நடந்தது. ஒரு சனிக்கிழமை, மாலை 5.40 முதல் இரவு 8.30 வரை. நிமிடக் கணக்கோடு சொல்ல முடிவதற்குக் காரணம், நான் எதையும் குறித்துவைக்கிறவள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். அதனால் எழுதிவைப்பேன். அன்று எழுதிய நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதில் மாலை 6.41-க்குப் பிறகு உள்ள எழுத்தை என்னாலேயே சரியாகப் படிக்க முடியவில்லை.

பேய் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. இயற்பியல் படித்தவள். எடைத்தட்டு என்ன காட்டியதோ அதை மட்டும் சொல்கிறேன்.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பழைய பந்தயக் கார்களைச் சரிசெய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அவரே பந்தயத்திலும் ஓட்டுவார். பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்த என்னிடம், "வீட்ல சும்மா இருக்கறதுக்குப் பட்டறைக்கு வந்து சும்மா இரேன்" என்றார். போனேன். ஒரு மாதத்தில் குழாய் வேலை என் பொறுப்புக்கு வந்துவிட்டது. அங்கே எனக்குப் பெயர் பிசிக்ஸ்.

குழாய் வேலை என்றால் ஹெடர். என்ஜினுக்குள் எரிந்த புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்கள். நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்தது அறுபது வருடப் பழைய கார். எட்டு சிலிண்டர். என்ஜின் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நடுவில், ஓட்டுபவரின் முதுகை ஒட்டி. சீட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு மட்டும்தான். முதுகில் எரிகிற அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி.

எட்டு சிலிண்டருக்கு எட்டுக் குழாய். இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது புகை ஒரு அலையாகக் கிளம்பும். அந்த அலைகள் வெளிவாயில் ஒன்றோடொன்று மோதாமல், சீரான இடைவெளியில் வந்து சேர வேண்டும். அதற்காக இந்தப் பக்கத்துக் குழாய் இரண்டு அந்தப் பக்கம் போகும், அங்கிருந்து இரண்டு இங்கே வரும். எட்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். 860 மில்லிமீட்டர். பார்த்தால் கூடைக்குள் பாம்புகள் பின்னிக்கொண்டு கிடக்கிற மாதிரி இருக்கும்.

ஏழு குழாய்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. மூன்றாம் எண் குழாய்க்கு மட்டும் நீளம் போதவில்லை. அதனால் அதை முன்பக்கமாக ஒரு வளை வளைத்து, சீட்டின் பின்தகடு வரைக்கும் போகவிட்டுத் திருப்பினேன். தகட்டின் மேலேயே பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸ் ஓடுகிறது. ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவில் 38 மில்லிமீட்டர் இடைவெளி. ஓடும்போது அந்தக் குழாய் அறுநூறு டிகிரி சூட்டில் இருக்கும். பட்டால் ஹோஸ் உருகும். உருகினால் அத்தானின் முதுகுக்குப் பின்னால் தீ.

அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். "அவர் ஓட்டறதுன்னாலே எனக்குத் தூக்கம் வராதுடி. ஆனா நீ போட்ட குழாய்னு சொன்னாரு. சரி, பயமில்ல" என்றாள். அவள் சொன்ன அன்றே போய் அந்த 38 மில்லிமீட்டரை மறுபடி அளந்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு காலை தகுதிச் சுற்று. அதில் ஓடாவிட்டால் பந்தயம் கிடையாது. பதினோரு வார வேலை வீண்.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்தால் கார் கொஞ்சம் அமுங்கும். அமுங்கின நிலையில்தான் குழாய் எங்கேயாவது இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தானை நாள் முழுக்க சீட்டில் உட்காரவைக்க முடியாது. அவர் எடை 72 கிலோ. அதனால் 24 கிலோ மணல் மூட்டை மூன்றை சீட்டில் வைத்துவிடுவோம். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எடைத்தட்டு. நாலிலிருந்தும் வயர் வந்து கையடக்கமான ஒரு பெட்டியில் சேரும். அதன் திரையில் நாலு எண்ணும் தனித்தனியாகத் தெரியும், கீழே மொத்தமும் தெரியும்.

வெறும் கார் 748 கிலோ. மூட்டைகளோடு 820.

அன்று மாலை 5.40. வெல்டர் அண்ணன் வெல்டிங்குக்கான ஆர்கான் வாயு சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். காலி. எதற்கெடுத்தாலும் 'நிதானமா, நிதானமா' என்பார் என்பதால் அவர் பெயரே நிதானம் அண்ணன்.

"இதுல ஒரு குழாய்கூட முடியாதும்மா. மாத்திட்டு வந்துடறேன்."

"அத்தான் எப்ப வருவாரு?"

"களத்துல பேர் பதிஞ்சிட்டு எட்டு மணிக்கு. ஷட்டரத் திறக்காத, ஃபேன் போடாத. தூசி உள்ள போச்சுன்னா மறுபடி துடைச்சு மாளாது. பயமா இருந்தா பாட்டு பாடு."

"நான் பாடினா உங்களுக்குத்தான் பயமா இருக்கும்."

சிரித்துக்கொண்டே பக்கத்துச் சின்னக் கதவு வழியாகப் போனார். நான் கதவைச் சாத்தினேன். காற்றே இல்லை. வெல்டிங் செய்யும்போது சின்னக் காற்று வந்தாலும் ஆர்கான் கலைந்துவிடும் என்பதால் எங்கள் பட்டறையில் எல்லாச் சந்தும் அடைத்திருக்கும். வெளிச் சத்தமும் வராது.

6.05. நோட்டில் நீளங்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

டிக்.

பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு... டிக்... டிக்.

இந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஓடி வந்து நின்ற காரின் குழாய்கள் சூடு ஆறும்போது இப்படித்தான் சொடக்கும். பந்தயக் களத்தில் சுற்றிலும் இந்தச் சத்தம்தான் கேட்கும். அதனால் முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வரி எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது.

இந்த என்ஜின் பதினோரு வாரமாக ஓடவே இல்லை. குழாய்கள் புதியவை. அங்கங்கே வெல்டிங்கில் பொட்டு வைத்துப் பிடித்திருந்ததோடு சரி. அவற்றுக்குள் இதுவரை புகையே போனதில்லை.

எழுந்துபோய்த் தொட்டேன். எட்டும் சில்லென்று இருந்தன. சத்தம் நின்றுவிட்டது. மத்தியானம் வைத்த பொட்டு வெல்டு இப்போதுதான் ஆறுகிறது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மூன்று மணி நேரத்துக்கு முந்தைய வேலை. ஆனாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

6.20. பெட்ரோல் ஹோஸுக்கு இன்னொரு கிளிப் போட வேண்டியிருந்தது. அதன் போல்ட் சீட்டின் பக்கத்திலிருந்து வரும். மூட்டைகளை எடுத்தால்தான் கை போகும். முதல் மூட்டையை இறக்கினேன். திரையில் 796. இரண்டாவது, 772. மூன்றாவதை இறக்குவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

748.0. மணி 6.32.

போல்ட்டை முடுக்கிவிட்டுப் பின்பக்கம் வந்தேன். பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன். என்ஜின் பக்கம் குனிந்து கிளிப்பை அசைத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

6.41.

டொக்.

காலி எண்ணெய் டின்னைக் கட்டைவிரலால் அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். தகட்டிலிருந்து.

நிமிர்ந்தேன். யாரும் இல்லை. கதவு சாத்தியபடி இருந்தது. ஏதோ ஒரு பழக்கத்தில் திரையைப் பார்த்தேன்.

807.2.

எதையாவது காரின் மேல் வைத்துவிட்டேனா? கருவிப்பெட்டி தரையில் இருந்தது. மூட்டைகள் மூன்றும் சுவரோரம் இருந்தன. நான் காரைத் தொடவில்லை. இரண்டடி தள்ளி நின்றேன். 807.0. வயர் கழன்றிருக்கும் என்று நாலு முனையையும் அழுத்திவிட்டேன். 807.3.

59 கிலோ அதிகம்.

கருவிக் கோளாறு என்றால் ஒரு தட்டில் மட்டும் கூடியிருக்க வேண்டும். நாலிலும் கூடியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு. நாலு எண்ணும் சக்கரங்களின் தூரமும் தெரிந்தால், கூடிய எடை காரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கல்லூரி முதல் வருடக் கணக்கு. நோட்டில் போட்டேன். இரண்டு நிமிடம் ஆனது.

விடை சீட்.

சீட் நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. காலியாக இருந்தது.

கணக்கைத் திரும்பப் போட்டேன். அதே விடை.

அப்போதுதான் கடைசி இலக்கத்தைக் கவனித்தேன். 807.0... 807.2... 807.3... 807.1... 807.0... மணல் மூட்டை இருந்தபோது 820.0 என்றால் 820.0 தான். மணிக்கணக்கில் அசையாது. இரும்பும் அசையாது, மணலும் அசையாது. போன வாரம் அத்தான் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபோது மட்டும் கடைசி இலக்கம் இப்படி ஆடியது. "பேசாம உக்காருங்க அத்தான்" என்றேன். "பேசலியே, மூச்சுதான் விடறேன். அதையும் நிறுத்தணுமா?" என்றார்.

மூச்சு.

கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து. ஏறி... இறங்கி... ஏறி... இறங்கி.

6.52 என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நிற்கவில்லை.

ஓடியிருக்கலாம். ஆனால் கதவுக்குப் போக சீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

திரையில் முன்சக்கர எண்கள் மெதுவாகக் குறைந்தன.

பின்சக்கர எண்கள் அதே அளவு கூடின.

மொத்தம் மாறவில்லை. 807.

சாய்ந்துகொள்கிறது...

டொக்.

என் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் தகடு புடைத்தது. முதலில் ஒரு புடைப்பு. அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டு தோள்பட்டை எலும்புகள்.

அந்தப் பக்கம் யாரோ முதுகை வைத்து அமுக்குகிற மாதிரி. நிதானமாக. பலமாக.

பெட்ரோல் ஹோஸ் தகட்டோடு சேர்ந்து நகர்ந்து வந்தது. மூன்றாம் குழாயை நோக்கி.

38 இருந்த இடத்தில் இப்போது...

சட்டைப் பையில் இடைவெளி அளக்கிற பத்து மில்லிமீட்டர் டிரில் பிட் இருந்தது. அதை ஏன் அங்கே நுழைத்துப் பார்த்தேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

நுழையவில்லை.

டிக்... டிக்... டிக்...

எட்டுக் குழாயும்.

குழாய்களின் வெளிவாய் என் முழங்கை பக்கத்தில் இருந்தது. அதிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக. நின்றது. மறுபடி வந்தது.

பதினைந்து.

நிமிடத்துக்குப் பதினைந்து...

பெட்டி கையிலிருந்து விழுந்தது. ஓடினேன். சீட்டைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். முழங்கால் எதிலோ இடித்தது. கதவு. தாழ்ப்பாள். தெரு.

7.04.

தெருவிளக்கின் கீழே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். எதிர்வரிசையில் அச்சகத்துக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா, சாவி உள்ள மாட்டிக்கிச்சா?" என்றார். தலையாட்டினேன். பொய்தான். வேறு என்ன சொல்வது?

நாற்பத்தாறு நிமிடம் அங்கேயே இருந்தேன். இருபது நிமிடம் கழித்துத்தான் யோசிக்க முடிந்தது. யோசித்தபோது வேறொரு பயம் வந்தது. இது இன்னும் பெரிது.

மணல் மூட்டை சீட்டின் அடிப்பாகத்தில் கிடக்கும். சாயாது. முதுகால் அமுக்காது. மனிதன் அமுக்குவான். கார் வேகம் எடுக்கும்போது முழு உடம்பும் பின்னால் போய்த் தகட்டில் அழுந்தும். நாங்கள் எடையை மட்டும் வைத்துப் பார்த்தோம். முதுகை வைத்துப் பார்க்கவே இல்லை. அந்த 38 மில்லிமீட்டர் மணலுக்குத்தான். அத்தானுக்கு இல்லை.

7.50. நிதானம் அண்ணன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா வெளிய குந்திட்ட? எலியா?"

"ம்."

"பெரிசா?"

"ஐம்பத்தொன்பது கிலோ" என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவர் பின்னாலேயே உள்ளே போனேன். தகடு சமமாக இருந்தது. சத்தம் இல்லை. பெட்டி தரையில் கவிழ்ந்து கிடந்தது. திரை சுக்கல். ஓரத்தில் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. "போச்சு, புதுசு" என்றார் அண்ணன். அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, காரின் மேல் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து நின்றார். நான் இரண்டடி பின்வாங்கினேன்.

8.10-க்கு அத்தான் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நம்பர் பதினாலு குடுத்திருக்கான். என்ன பிசிக்ஸ், முடிஞ்சுதா?"

"அத்தான், நாளைக்கு ஓட்ட வேண்டாம்."

நான் அவரிடம் இப்படிப் பேசினதே இல்லை. அண்ணன் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார்.

"மூணாம் குழாய் தப்பு. நீங்க சாஞ்சா தகடு வளையும். ஹோஸ் குழாய்ல படும்."

"மூட்டை வச்சுப் பாத்தோமே."

"மூட்டை சாயாது."

அவர் சட்டைக் கையை மடித்தார். "சரி. உக்காந்து பாத்துடலாம். அண்ணே, பின்னாடி டார்ச் அடிங்க."

"வேண்டாம்" என்றேன். "பாக்க வேண்டாம். என் கணக்கு சரிதான்."

"பதினோரு வாரம் ஒழைச்சிருக்கோம். பாக்காம எப்படிம்மா?"

8.25. காலைத் தூக்கி உள்ளே வைத்து இறங்கி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தலையைத் திருப்பினார்.

"சீட்டு என்ன இவ்ளோ சூடா இருக்கு? யாரு உக்காந்திருந்தது?"

"யாரும் இல்ல."

"இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு. சரி, அமுக்கறேன். பாருங்க."

காலை முன்னால் முட்டுக்கொடுத்து முதுகால் தள்ளினார். டொக். தகடு புடைத்தது. டார்ச் வெளிச்சத்தில் ஹோஸ் நகர்ந்து வந்தது. அண்ணன் ஒரு ஆணியை நுழைத்துப் பார்த்தார். பிறகு அதைவிட மெல்லிய ஆணி.

"நாலு மில்லி" என்றார். அவர் குரலில் நிதானம் இல்லை. "தம்பி, எறங்கிடுங்க. ரெண்டு சுத்துக்கூட தாங்காது."

அத்தான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே சாய்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து தானும் எட்டிப் பார்த்தார்.

"அறுத்துடுங்க அண்ணே" என்றார் கடைசியில். என் பக்கம் திரும்பி, "உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ காப்பாத்திட்ட பிசிக்ஸ்" என்றார்.

தகுதிச் சுற்றில் நாங்கள் ஓடவில்லை. நான் எதையும் விளக்கவும் இல்லை. அது எதுவாக இருந்தாலும் நல்லதுதான் செய்திருக்கிறது, எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு இரவு அப்படி நினைத்துத்தான் தூங்கினேன்.

திங்கட்கிழமை, காரை எங்களுக்கு விற்ற தரகரிடம் போனில் கேட்டேன். இந்தக் காரில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று. எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே கால் மணி நேரம் ஆனது.

"சேச்சே. ஒரு கீறல் பட்டதில்லம்மா. என் மூலமாவே அஞ்சு பேர் கை மாறியிருக்கு. அஞ்சு பேரும் ஒரு வருஷம்கூட வச்சுக்கல. ஏன்னு எனக்குத் தெரியாது. ஓட்டினவங்க எல்லாரும் நல்லபடியா வீட்டுக்குப் போய்ச் சேந்தாங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை எடைப்பெட்டிக்குப் புதுத் திரை வந்தது. மாட்டினேன். பெட்டி விழுந்ததில் திரை மட்டும்தான் உடைந்திருந்தது. உள்ளே வேலை செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை மொத்த எடையைப் பதிந்துவைப்பது அதன் வழக்கம். சனிக்கிழமைப் பதிவைக் கணினியில் திறந்தேன்.

6.40: 748.0.

6.41: 807.2.

7.04-க்கு நான் ஓடியபோது 807. தெருவில் உட்கார்ந்திருந்த நாற்பத்தாறு நிமிடமும் 807. அண்ணன் உள்ளே வந்தபோது, அவர் காரில் கையை ஊன்றியதற்கு இரண்டு கிலோ கூடி, பிறகு மறுபடியும் 807. அத்தான் நம்பர் பதினாலு என்று சொல்லிச் சிரித்தபோது 807.

8.24: 807.1.

8.25-க்கு அத்தான் உட்கார்ந்தார். அவர் எடை 72.

8.25: 879.2.

8.26: 879.0.

8.27: 879.3.

8.28: 879.1.

அது எழுந்து இடம் விடவில்லை. அவர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

8.29-க்கு இறங்கினார். 807-க்குத் திரும்பியிருக்க வேண்டும்.

8.29: 748.0.

8.30: 748.0.

அதற்குப் பிறகு அண்ணன் அறுத்தெடுத்த குழாயின் எடை மட்டும் குறைந்தது. செவ்வாய்க்கிழமை வரை, இரவும் பகலும், வேறு மாற்றமே இல்லை. ஒரு இலக்கம் ஆடவில்லை.

இரண்டு பேரும் ஒன்றாக இறங்கியிருக்கிறார்கள்.

அன்று குழாயை அறுக்கும் வேலையை அண்ணனிடம் விட்டுவிட்டு அத்தான் நேராக வீட்டுக்குத்தான் போனார். மணி ஒன்பது இருக்கும். அக்காதான் எழுந்து வந்து கதவைத் திறந்திருக்கிறாள்.